வள்ளல் பச்சையப்ப முதலியாரும் அவர்தம் மரண சாசனமும்

பொருள் தேடுதல் அரிய செயல். தேடிய பொருளைக் காத்தல் அதனினும் அரிய செயல். காத்த பொருளைத் தமக்குப்பின் வருவார்க்குப் பகை விளையாவண்ணம் வகுத்து வைத்தலோ இவ்விரண்டினும் அரிய செயலாகும். முன்னைய இரண்டையும் செய்து முடித்தவர் நம்மில் பலர் உளர். மூன்றாவதைச் செய்தவரோ மிகச் சிலரே. பாரதப் போர் எதனால் மூண்டது? ஒரு குலத்தார்க்குள் பாகம் பிரிக்க வேண்டிய காலத்தில் பிரியாமையால் மூண்டது. பதினெண் அக்குரோணி சேனை மாண்டபின் எஞ்சிய நிலத்தை ஆளுதற்கு மக்கள் இல்லை. அந்தக் கதையை ஆண்டுதோறும் கேட்டுக் கண்ணீர் விடுகின்ற நாம், நம் வீட்டுத் திண்ணையில் அதே கதையின் முதற்பருவம் தொடங்குவதைக் கண்டும் காணாதிருக்கின்றோம். ஆதலின், பெரும்பொருள் ஈட்டி, அதனைத் தருமத்திற்கென எழுதி வைத்து, அவ்வெழுத்து நிறைவேறுதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்த ஒரு பெரியாருடைய சரித்திரத்தை இம்மாதம் நம் குலத்து அன்பர்கட்கு எடுத்துரைக்கக் கருதினோம். அவர்தாம் வள்ளல் பச்சையப்ப முதலியார்.

பச்சையப்பர் நம்மவர்க்கு அயலார் அல்லர். நம் குலத்தில் அவர் பிறந்திலராயினும், நம் ஏரிக்கு நீர் கொணரும் ஆற்றங்கரையில் பிறந்தவர். ஆரணியாறு பெரியபாளையத்தின் மருங்கே ஓடிப் பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டு ஏரியில் வந்து கலப்பதை நாம் அறிவோம். ஆடித் திங்களில் வேப்பஞ்சேலை உடுத்திப் பவானியம்மனை வழிபடுதற்கு நம் குப்பங்களினின்று குடும்பங்குடும்பமாகச் சென்று வருகின்றோமே, அந்தப் பெரியபாளையத்தில்தான் 1754ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தந்தையார் விசுவநாத முதலியார், தாயார் பூச்சியம்மாள். மகவு கருவிலிருக்கும்போதே தந்தையார் காலஞ்சென்றார். கையில் பெண்மக்களும் வயிற்றில் ஆண்மகவுமாகத் தனித்து நின்ற அவ்வம்மையார், கணவருடைய நண்பர் ஒருவர் ஆதரவில் அவ்வூரில் தங்கிப் பிள்ளையைப் பெற்று வளர்த்தார். அந்த ஆதரவும் நெடுநாள் நிலைக்கவில்லை. நண்பரும் இறந்தபின், அம்மையார் மக்களை அழைத்துக்கொண்டு சென்னப்பட்டணம் புகுந்தார்.

கடலில் கணவனை இழந்து கைக்குழந்தையோடு நின்ற தாய்மாரை நம் குப்பங்கள்தோறும் காணலாம். ஆதலின் பூச்சியம்மாளின் நிலையை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தந்தை வைத்துச் சென்ற செல்வம் யாதொன்றும் இன்றி, பிறர் இரக்கம் ஒன்றையே நம்பி வளர்ந்த பிள்ளை பச்சையப்பர் என்பதை மட்டும் இங்கே நினைவிற் கொள்வோமாக. பிற்காலத்தில் அவர் செய்த செயல்களுக்கெல்லாம் இதுவே வேராயிற்று.

சென்னையில் அக்குடும்பத்திற்குத் துணையாக வாய்த்தவர் நாராயண பிள்ளை என்பவர். பவுனி என்னும் ஆங்கில வர்த்தகரிடம் துபாஷியாக இருந்தமையின் அவரைப் பவுனி நாராயண பிள்ளை என்று வழங்குவர். துபாஷி என்பது இரு மொழி அறிந்தவன் என்னும் பொருளுடையது. ஆயினும் அந்நாளில் துபாஷியின் வேலை மொழிபெயர்ப்போடு முடியவில்லை. ஆங்கிலேயருக்குச் சரக்குப் பிடித்துக் கொடுத்தல், கடன் வாங்கிக் கொடுத்தல், கணக்கு வைத்தல், நாட்டாரோடு பேசி முடித்தல் ஆகிய யாவும் அவன் தலையில் விழும். அத்தகைய தொழிலில் தேர்ந்த நாராயண பிள்ளை, தந்தையில்லாப் பிள்ளையைத் தம் பிள்ளைபோல் பாவித்து, எழுத்தும் கணக்கும் ஆங்கிலமும் பயிலச் செய்து, வர்த்தகத்தின் நெளிவு சுளிவுகளையும் பழக்கிவிட்டார். பச்சையப்பரும் பதினாறு வயதை எட்டும் பருவத்திலேயே தரகுத் தொழிலில் தாமாகப் பொருளீட்டும் திறம் பெற்றார்.

அந்தக் காலத்தின் இயல்பை இங்குச் சிறிது சொல்லவேண்டும். கருநாடக நவாப்பு கடனில் மூழ்கியிருந்தார். கும்பினியார் நாளுக்குநாள் நாட்டைத் தம் கைக்குள் கொண்டுவந்தனர். 1780ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படைகள் இறங்கிச் செங்கற்பட்டுச் சீமையைப் பாழாக்கின. நம் பழவேற்காடோ உலாந்தாக்காரர் ஆட்சியில் இருந்தது. 1781இல் ஆங்கிலேயர் அதனைப் பிடித்து, 1785இல் திருப்பிக் கொடுத்து, 1795இல் மீண்டும் பிடித்தனர். இவ்வாறு ஆட்சி அலைமோதிய காலத்தில், அரசர்க்கும் பணம் வேண்டும், கும்பினியார்க்கும் பணம் வேண்டும். பணத்தையும் தானியத்தையும் திரட்டித் தருபவர்க்கு ஊதியம் மிகுதி, ஆபத்தும் மிகுதி. பச்சையப்பர் இத்துறையில் இறங்கி, வரி குத்தகையிலும் துபாஷித் தொழிலிலும் பெரும்பொருள் தொகுத்தார். பின்னர்ச் சலிவன் என்னும் ஆங்கில அதிகாரியோடு தொடர்பு பூண்டு தஞ்சாவூர்ச் சீமைக்குச் சென்றார். தஞ்சை மன்னர் கும்பினியார்க்குக் கட்டவேண்டிய தொகைகளுக்குக் கடன் கொடுத்து உதவும் அளவிற்கு அவருடைய கை ஓங்கிற்று. பெரியபாளையத்தில் பிறர் தந்த கஞ்சியால் வளர்ந்த பிள்ளை, முப்பது வயதைச் சிறிது கடந்த நிலையில் ஓர் அரசர்க்குக் கடன் கொடுப்பவராயினார்.

செல்வம் வந்தபின் அவர் செருக்குற்றாரில்லை. சென்னையில் கூவம் ஆற்றங்கரையிலுள்ள கோமளீசுவரன்பேட்டையில் வீடமைத்து வாழ்ந்தார். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கின்ற அந்தக் கூவம் அன்று நீராடுதற்குரிய ஆறாக இருந்தது. அங்கே நீராடிச் சிவபெருமானை வழிபட்டபின்னரே அவர் தம் அலுவலைத் தொடங்குவர் என்பர். சிதம்பரத்தில் கிழக்குக் கோபுரத் திருப்பணியில் பெரிதும் ஈடுபட்டார். அன்னதானமும் சத்திரமும் அந்தணர்க்கு உதவியும் அவர் கைப்பொருளால் பல ஊர்களில் நடைபெற்றன. பிறர் இரக்கத்தால் வாழ்ந்தவர், தாம் இரங்கும் நிலை பெற்றபோது அதனை மறவாதிருந்தார். இஃது எளிய குணமன்று.

இனி அவருடைய இல்லற வாழ்வை நோக்குவோம். தம் தமக்கையார் மகளாகிய ஐயாளம்மாளை அவர் மணந்தார். ஆண்மகவு இல்லாமையால் பின்னர் வேறொரு மனைவியையும் கொண்டார். ஆண்மகவு அவருக்கு வாய்க்கவில்லை. இரு மனைவியரும் உறவினரும் நிறைந்த வீடு, அளவிறந்த செல்வம், உரிமை கொண்டாடுதற்கு மகன் இல்லை. இம்மூன்றும் ஒருங்கே கூடிய இடத்தில் கலகம் வித்தாகி மண்ணுக்குள் கிடக்கும். அது முளைப்பதற்கு வீட்டுத் தலைவனுடைய மரணம் ஒன்றே குறை.

1794ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தஞ்சைச் சீமையில் இருக்கும்போது அவர் நோய்வாய்ப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பது. தம் முடிவு அணுகிவிட்டதென்பதை உணர்ந்து, கும்பகோணத்தில் அம்மாதம் 22ஆம் நாள் தம் மரண சாசனத்தை எழுதுவித்தார். தம்மை வளர்த்து ஆளாக்கிய நாராயண பிள்ளையையே அதனை நிறைவேற்றும் பொறுப்பினராக நியமித்தார். தம் செல்வத்தைக் கோயில் வழிபாட்டிற்கும் தருமங்களுக்கும் உரியதாக்கினார். பின்னர்க் காவிரிக்கரைத் தலமாகிய திருவையாற்றை அடைந்து, அம்மாதம் 31ஆம் நாள் சிவபதம் எய்தினார். சாசனத்திற்கும் மரணத்திற்கும் இடையே இருந்தவை ஒன்பதே நாட்கள்.

இந்தச் சாசனம் ஒரு புதுமையாகும். ஒருவன் இறந்தபின் தன் பொருள் இன்னார்க்குச் சேரவேண்டும் என்று எழுதிவைத்தல் பழைய தரும நூல்களில் விரிவாகச் சொல்லப்பட்ட வழக்கம் அன்று. மிதாட்சர நூலின்படி குடும்பச் சொத்து தந்தை ஒருவனுக்கே உரியதன்று. மகன் பிறந்த அன்றே அவனுக்கும் அதில் உரிமை பிறந்துவிடுகிறது. மகன் இல்லாவிடில் மனைவி, தத்துப்பிள்ளை, தாயாதிகள் என்று முறைகள் தொடரும். உயிலெழுதும் வழக்கம் பெரும்பாலும் ஆங்கிலேயர் கோர்ட்டுகளின் சார்பால் நம் நாட்டில் பரவியது. சென்னை நாட்டில் இந்துக்கள் எழுதிய உயில்களில் மிகப் பழையனவற்றுள் பச்சையப்பருடையதும் ஒன்று. ஆகவே, அவர் நடந்தது முன்னோர் நடந்து தடம்பதித்த பாதையன்று. ஆழம் அறியாத துறையில் முதன்முதல் தோணி விட்டவர்க்கு எவை நேருமோ அவையே அவர் சாசனத்திற்கும் நேர்ந்தன.

அவர் கண்மூடியபின் உரிமைப் பேச்சு எழுந்தது. வீட்டாரும் உறவினரும் தத்தம் பங்கைக் கோரினர். மனைவியின் உரிமை பெரிதா, தாயாதியின் உரிமை பெரிதா, எழுதிய எழுத்தின் உரிமை பெரிதா என்னும் வினாக்கள் வழக்காக மாறின. ஒவ்வொருவர் பக்கத்திலும் நியாயம் சிறிது இருந்திருக்கலாம். உரிமை வழக்குகளின் கொடுமையே அதுதான். முழுப்பொய் கூறுவோனோடு வழக்காடின் விரைவில் முடியும். பாதி மெய் கையில் வைத்திருப்போர் இருவர் மோதினால் அவ்வழக்குக்குக் கரை இல்லை. தருமங்கள் நின்றன. விளக்கேற்ற வேண்டிய இடத்தில் விளக்கெரியவில்லை. அன்னமிட வேண்டிய இடத்தில் அடுப்பெரியவில்லை.

சென்னையில் மேயர் கோர்ட்டு மறைந்து 1798இல் ரிக்கார்டர் கோர்ட்டு ஏற்பட்டது. அதுவும் மறைந்து 1801இல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்பட்டது. கோர்ட்டுகள் மாறின, பச்சையப்பர் பொருளைப் பற்றிய சிக்கலோ தீரவில்லை. உரிமை கோரியவர் முதியராயினர், சிலர் இறந்தனர். முடிவில், அரசாங்கத்தின் பெரிய வழக்கறிஞராகிய அட்வொகேட் ஜெனரல் இதில் தலையிட்டு, தருமத்தின் சார்பில் வாதித்தார். 1832ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டார் தீர்ப்பளித்தனர். சாசனம் எழுதி முப்பத்தெட்டு ஆண்டு கழிந்தபின்பே, அப்பொருள் தருமத்திற்கு உரியதென்பது நிலைபெற்றது.

நம் ஏரியின் முகத்துவாரம் மணல்மேடிட்டுத் தூர்ந்துபோன காலங்களை நாம் கண்டிருக்கிறோம். அப்பொழுது ஏரியில் நீர் இல்லாமற் போவதில்லை, நீர் இருக்கும். ஆனால் கடலின் ஏற்றமும் இறக்கமும் உள்ளே வாரா. இறால் குஞ்சு ஏரிக்குள் புகாது. நீர் கண்ணெதிரே பரந்து கிடக்க, வலை வெறுமையாக வரும். வழக்கில் அகப்பட்ட செல்வமும் அத்தகையதே. எண்ணிக்கையில் அது குறையவில்லை. பச்சையப்பருடைய பணம் வட்டியால் வளரவே செய்தது. ஆயினும் அந்நெடுங்காலம் அதனால் எவர் பசியும் தீரவில்லை, எவர் அறிவும் வளரவில்லை.

கோயில்களுக்கும் சமயத் தருமங்களுக்கும் ஒரு லட்சம் வராகன், அஃதாவது மூன்றரை லட்சம் ரூபாய், ஒதுக்கப்பட்டது. வட்டியேறிப் பெருகிய மிகுதித் தொகையை யாது செய்வதென்ற வினா எழுந்தபோது, அதனைக் கல்விக்குப் பயன்படுத்தலாம் என்னும் ஏற்பாடு உருவாயிற்று. அக்காலத்து அட்வொகேட் ஜெனரலாகிய ஜார்ஜ் நார்ட்டன் இதற்குப் பெரிதும் துணைநின்றார். அதன்படி 1842ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல்நாள் சென்னைக் கறுப்பர் பட்டணத்தில் பச்சையப்பன் பள்ளிக்கூடம் திறக்கப்பெற்றது. கிரேக்கக் கோயில் ஒன்றைப் போன்ற தூண்களையுடைய பச்சையப்பன் மண்டபம் 1850இல் திறக்கப்பெற்றது. பள்ளிக்கூடம் 1889இல் கல்லூரியாக உயர்ந்து, 1940இல் சேத்துப்பட்டுக்குப் பெயர்ந்தது. கணித மேதை இராமாநுஜனும், தமிழ்நாட்டின் முதலமைச்சராக விளங்கிய அறிஞர் அண்ணாதுரையும் அங்குப் பயின்றவர்களே. பெரியபாளையத்துத் தந்தையில்லாப் பிள்ளையின் பொருள் எத்தனையோ ஏழைத் தாய்மாரின் பிள்ளைகட்குக் கல்விக் கண்ணைத் திறந்தது.

இஃது இச்சரித்திரத்தின் மங்கலமான முடிவு. ஆயினும் நாம் இம்முடிவைக் கண்டு மகிழ்ந்தமட்டில் அமைந்துவிடலாகாது. 1794இல் பத்து வயதாயிருந்த ஒரு பிள்ளை, அத்தருமத்தின் பயனைப் பெறுதற்குக் காத்திருப்பின், பள்ளி திறந்த அன்று ஐம்பத்தெட்டு வயதுக் கிழவனாயிருப்பான். இடையே ஒரு தலைமுறை முழுவதும் பயன்பெறாது கழிந்தது. அந்த இழப்பை எந்தத் தீர்ப்பும் ஈடுசெய்யவில்லை. மேலும் ஒன்று. பச்சையப்பருடைய செல்வம் மிகப் பெரியது. நாற்பதாண்டுக் கோர்ட்டுச் செலவையும் தாங்கி எஞ்சி நின்றது. நம்மவர் சொத்தோ ஒரு தோணி, இரண்டு வலை, ஓர் எந்திரம், ஒரு வீடு. இது நாலு வாய்தாவிற்குத் தாங்காது.

நிற்க. இச்சரித்திரத்தினின்று நம் குலத்தார் அறிந்துகொள்ள வேண்டுவன யாவை என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, காலம். பச்சையப்பருக்கு ஊழ் ஒன்பது நாட்களைக் கொடுத்தது. கடலுக்குச் செல்பவர்க்கு ஒன்பது நாழிகையும் கிடைப்பது உறுதியன்று. விடியற்காலத்தில் முகத்துவாரத்தைக் கடந்து சென்றவன் திரும்பி வந்தால்தான் வந்தான். வாராதொழியின், அவன் உடல் கிடைக்காதவிடத்து, அவன் இறந்தான் என்பதையே சட்டம் எளிதில் ஒப்புவதில்லை. ஏழாண்டுக்காலம் அவனைப் பற்றிய செய்தி, கேட்டிருக்க வேண்டியவர் எவர்க்கும் எட்டவில்லையாயின், அப்பொழுதே இறந்தானெனக் கொள்ளும் என்பது பொதுவிதி. அந்த ஏழாண்டும் அவன் மனைவி சுமங்கலியுமல்லள், விதவையுமல்லள். அவன் சொத்து உயிருள்ளவனுடையதுமன்று, இறந்தவனுடையதுமன்று. இத்தகைய தொழிலை உடைய நாம், முதுமை வரட்டும், நோய் வரட்டும் என்று காத்திருத்தல் அறிவுடைமையாகுமா? உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று அஞ்சுவாரும் உளர். கரையில் நங்கூரம் செய்து வைத்தமையால் புயல் வந்ததென்று சொல்வாரும் உண்டோ?

இரண்டாவது, இடமும் சாட்சியும். நோய்ப்படுக்கையில், வீட்டைவிட்டு அகன்ற ஊரில் எழுதப்பட்ட சாசனம், எத்துணை உண்மையுடையதாயினும், பின்னர் ஐயத்திற்கு இடங்கொடுக்கும். நல்ல உடல்நிலையில், சொந்த ஊரில், மதிக்கத்தக்கார் இருவர் சாட்சியாக நிற்க எழுதிய எழுத்து எளிதில் அசையாது. இன்றுள்ள சட்டம் இதற்கு வேண்டுவது மிகச் சிறிதே. முத்திரைத்தாள் வேண்டுவதில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதுவிப்பவர் கையொப்பமிட வேண்டும். எழுத்தறியாதார் தம் அடையாளம் வைக்கலாம். அவர் ஒப்பமிட்டதைக் கண்டோ, ஒப்பமிட்டதாக அவர் ஒத்துக்கொண்டதைக் கேட்டோ, இரண்டு சாட்சிகள் அவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பதிவு செய்தல் கட்டாயமன்று; எனினும் பொன்னேரிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வைத்தால் பின்வருவார்க்கு ஐயம் குறையும். பங்கு பெறுவோரையே சாட்சியாக வையாதிருத்தல் நலம். உயில் எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அதனை மாற்றலாம், நீக்கலாம். கடைசியாக எழுதியதே நிற்கும். ஆகவே எழுதிவிட்டால் கைகட்டப்பட்டோம் என்று எவரும் அஞ்சவேண்டா.

மூன்றாவது, எவை தமக்குரியவை என்னும் தெளிவு. இஃது நம் குப்பங்கட்கு மிக இன்றியமையாதது. தோணி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, வீட்டுமனைக்குப் பட்டா உண்டா, அன்றிப் புறம்போக்கா, இறால் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு நிற்கிறது, சங்கத்திலுள்ள சேமிப்பிற்கு யாரை நியமித்திருக்கிறோம் என்பவற்றை ஒவ்வொரு தலைவனும் ஒரு தாளில் எழுதி வைத்தல் வேண்டும். நியமனம் பெற்றவரே அப்பணத்திற்கு உரியவர் என்று பலர் எண்ணுகின்றனர். அவர் வாங்கி வைக்கும் கையேயன்றி, உரிமை வாரிசுகளுடையது என்பதே பொதுவான முறை. இனி, பாட்டுரிமை இருக்கிறது. ஏரியின் வலைத்துறைகளைத் தலைக்கட்டுக்காரர்க்குள் சீட்டுப்போட்டு முறைவைத்துக் கொடுக்கும் பாடு முறை நம் முன்னோர் கண்ட ஏற்பாடு. அது ஊரின் கட்டுப்பாட்டால் வருவது. தனியொருவன் உயிலால் எழுதிக்கொடுக்கத் தக்க பொருளன்று. தன் பொருளையும் ஊர்ப்பொருளையும் குழப்பி எழுதும் உயில், ஒரு வீட்டுச் சண்டையை ஊர்ச்சண்டையாக்கும்.

பாடு முறையைப் பற்றி இங்கு இன்னுமொன்று சொல்லத் தோன்றுகிறது. நல்ல துறை எது, தீய துறை எது என்பதை எல்லோரும் அறிவர். வலியவன் நல்ல துறையைப் பற்றிக்கொள்வானாயின் ஏரி நாள்தோறும் போர்க்களமாகும். அதனை உணர்ந்த முன்னோர், போர் மூளும் முன்னரே, எல்லோரும் கூடியிருக்கும் இடத்தில், சீட்டை எல்லோரும் காண எடுத்து, முறையை வகுத்தனர். இன்று தீய துறை பெற்றவனுக்கு நாளை நல்ல துறை வரும் என்னும் நம்பிக்கையால் ஊர் அமைதியுற்றது. ஏரிக்கு இவ்வளவு அறிவோடு பங்கு வகுத்த குலம், தன் வீட்டுக்குள் பங்கு வகுக்க அஞ்சுவானேன்? முன்கூட்டி வகுத்தல், எல்லோரும் அறிய வகுத்தல், எவரையும் முற்றும் ஒதுக்காது வகுத்தல் என்னும் இம்மூன்றுமே பாடு முறையின் உயிர். உயிலின் உயிரும் இவையே.

நான்காவது, பெண்மக்கள். பழைய முறையில் பெண்ணுக்குச் சீர் செய்தால் கடன் தீர்ந்தது என்பர். இன்றைய சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண்மகன் உயிலின்றி இறப்பானாயின், அவன் தானே ஈட்டிய சொத்து அவன் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர்க்குச் சமபங்காகச் சேரும். பெற்ற தாய்க்கும் பங்குண்டு என்பதை நம்மவருள் அறிந்தவர் சிலரே. பிதிரார்ச்சிதச் சொத்திலும் தமிழ்நாட்டில் 1989இல் மணமாகாத பெண்மக்கட்கும், நாடு முழுவதும் 2005இல் மகள்கள் எல்லோர்க்கும், மகனையொத்த உரிமை அளிக்கப்பட்டது. நம் அண்டையிலுள்ள கிறித்தவக் குப்பத்தார்க்கு 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றிலொரு பங்கும் மக்கட்கு எஞ்சியதும் சேரும். அங்கும் மகனுக்கும் மகளுக்கும் வேற்றுமையில்லை. ஆதலின், தங்கைக்கு ஒன்றுமில்லை என்று அண்ணன்மார் தம்முள் பேசி முடித்துக்கொள்வது, வழக்கிற்குத் தாமே ஓலை விடுவதாகும். மனைவிக்கு இருக்க ஓர் இடமும் உண்ண ஒரு வழியும் முதலில் எழுதி, பின்னரே மற்றவற்றை எழுதுக. வீட்டிலுள்ள பெண்கள் மனங்குளிர எழுதிய உயில் பெரும்பாலும் கோர்ட்டுப்படி ஏறுவதில்லை.

ஐந்தாவது, நிறைவேற்றுவோர். பச்சையப்பர் தம்மை வளர்த்த பெரியாரையே நியமித்தார். அவர் காட்டிய நன்றி போற்றத்தக்கது. ஆயினும், வளர்த்தவர் வயதில் மூத்தவராதலின், நெடுங்காலப் பொறுப்புக்கு அத்தகையவரோடு இளையவர் ஒருவரையும் சேர்த்தல் முறை. முதல்வர் இல்லாவிடத்து அடுத்தவர் யார் என்பதும் எழுதப்படல் வேண்டும். நம் ஊர்ப் பெரியவர் ஒருவரும், படித்த இளைஞர் ஒருவருமாக இருவரை வைத்தல் நன்று.

ஆறாவது, யாவற்றினும் சிறந்தது: வாய்ச்சொல். எழுத்தை மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு இறந்தால், பெட்டியைத் திறக்கும் நாளே சண்டை தொடங்கும் நாளாகும். மூத்தவனுக்குத் தோணியும் இளையவனுக்கு மனையும் எழுதக் கருதின், அதன் காரணத்தை இருவரையும் ஒருங்கே இருத்தித் தந்தை தம் வாயால் சொல்லவேண்டும். தந்தை முகத்தின் முன்னே மகன் ஒரு வார்த்தை முணுமுணுப்பான், அதனோடு அமையும். தந்தை இல்லாதபோது அந்த முணுமுணுப்பே அரிவாளாகும். ஒரு தோணியின்மேல் இருவர்க்கு வழக்கெழுந்தால், தோணி கரையில் கிடந்து வெயிலில் வெடித்து, மழையில் உளுத்து, முடிவில் விறகாகும். வழக்கு முடியும்போது அண்ணன் பிள்ளையும் தம்பி பிள்ளையும் ஒருவர் வீட்டு நல்வினை தீவினைக்கு ஒருவர் போகாதவராயிருப்பர். அதனினும் கொடிது, கோபம் தலைக்கேறிய ஒரு கணத்தில் ஒருவன் மண்ணுக்கும் மற்றவன் சிறைக்கும் போவது. அன்று தோணியும் இல்லை, துடுப்பிடக் கையும் இல்லை.

இவ்விடத்தே ஓர் ஐயம் எழலாம். சாசனம் எழுதியும் பச்சையப்பர் பொருள் வழக்கிற்பட்டதே. அவ்வாறாயின் எழுதி யாது பயன் என்று சிலர் வினவக்கூடும். அவர்கட்கு நாம் கூறும் விடை இது. அந்நாளில் அவரைப்போல் துபாஷித் தொழிலில் பொருள் குவித்தவர் சென்னையில் பலர் இருந்தனர். அவருள் எழுதாது இறந்தோர் செல்வமெல்லாம் பங்காளிகள் கையில் துண்டுபட்டு, மூன்றாம் தலைமுறைக்குள் பெயரும் இன்றி மறைந்தது. பச்சையப்பருடைய பொருளை மட்டும் ஒரு கோர்ட்டு தருமப்பொருள் என்று கண்டுகொண்டது எதனால்? அவர் எழுதி வைத்தமையால். அவ்வொரு தாள் இல்லையாயின், வாதாட வந்த அட்வொகேட் ஜெனரலுக்குப் பற்றிக்கொள்ள ஒரு துரும்பும் இருந்திராது. எழுத்து வழக்கை முற்றும் தடுக்கவில்லை என்பது மெய்யே. ஆனால் வழக்குக் கடலைக் கடந்து கரை சேர்த்தது அவ்வெழுத்தே. முன்னரே எழுதி, வீட்டார்க்கு உரைத்து, நிறைவேற்றுவோரையும் உறுதிப்படுத்தியிருப்பின் அக்கடலையே கடக்க வேண்டியிராது.

ஆதலின் நம் சங்கத்து அன்பர்கட்கு ஒன்று வேண்டிக்கொள்கிறோம். ஆண்டுதோறும் ஏப்ரல் மாத நடுவே தொடங்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் பெருந்தோணிக்காரர்கள் வலை பின்னியும் எந்திரம் பழுதுபார்த்தும் கரையில் இருக்கின்றனர். ஏரித்தொழில் செய்வோர்க்கும் மழைநாட்களில் ஓய்வு உண்டு. அந்நாட்களில் ஒருநாள் மாலை, குடும்பத்தார் எல்லோரையும் இருத்தி, உள்ள பொருளையும் உள்ள கடனையும் மறைவின்றிச் சொல்லி, பாகத்தைப் பேசி, அதனை எழுதி வையுங்கள். எழுத அறியாதார்க்கு எழுதிக்கொடுக்க நம் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி சென்ற இளைஞர்களும் இருக்கின்றனர். சிக்கலான சொத்துடையார் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்துகொள்க. கோர்ட்டுக்குப் போனபின் அவருக்குக் கொடுக்கும் பொருளை நோக்க, போகாதிருத்தற்கு முன்னரே கொடுப்பது மிகச் சிறிது.

பச்சையப்பர் ஆண்மகவு பெற்றிலர். ஆயினும் அவர் பெயரைச் சொல்லும் மாணவர் ஆயிரமாயிரவர். நமக்கோ மக்கள் இருக்கின்றனர். நாம் அவர்கட்குப் பெரும்பொருள் வைத்துச் செல்லுதல் இயலாதாயினும், அண்ணனைக் கண்டால் தம்பி எதிரே வந்து கைப்பிடித்து அழைக்கும் உறவையேனும் வைத்துச் செல்லலாம். அந்த உறவைக் காத்தற்குரிய வழி, உயிரும் அறிவும் நிலையாய் இருக்கும்போதே பாகத்தை வகுத்து வைத்தல் ஒன்றே. வள்ளலின் வாழ்வு நமக்கு வழிகாட்டியாகவும், அவர் பொருள் கோர்ட்டில் கிடந்த நெடுங்காலம் நமக்கு எச்சரிக்கையாகவும் விளங்குக. நம் குப்பங்கள் பகையின்றி வாழ்க.